மேரிலாந்து கம்பளித் திருவிழா: தறிக்காரர் எதை வாங்கலாம், எதை விடலாம்

மே மாதத்தின் முதல் முழு வார இறுதியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடக்கும் ஷீப் அண்ட் வூல் திருவிழாவுக்குக் கிளம்பும் தறிக்காரர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே தொங்கும் நூலில் பெரும்பகுதி தறிக்காகச் செய்ததல்ல. ஊசியில் பின்னுகிறவர்களுக்காக முறுக்கி, அவர்கள் கண்ணைப் பறிக்கச் சாயம் போட்டது. நிறத்தில் மயங்கி இதில் ஒன்று அதில் ஒன்று என்று பையை நிரப்பிக்கொண்டு வந்தால், பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள்) ஓட்ட உட்காரும்போதுதான் கணக்கு உதைக்கும். கணக்கோடு போகிறவருக்கு அது அருமையான சந்தை. பழைய தறி தேடுகிறவருக்கு அதைவிட அருமை.

திருவிழா 1974இல் தொடங்கியது. நடத்துவது மேரிலாந்து செம்மறி வளர்ப்போர் சங்கம். இடம் வெஸ்ட் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் உள்ள ஹோவர்ட் கவுண்டி கண்காட்சித் திடல். பால்டிமோரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே வந்து 80ஆம் எண் வழியில் இறங்கினால் பக்கம்தான். நிரந்தரக் கொட்டகைகள், ஒரு பெரிய அரங்கம், வெளியே வரிசையாகக் கூடாரங்கள். ஒரு பக்கம் ஆடுகள், ஒரு பக்கம் ரோம விற்பனை, இன்னொரு பக்கம் நாய்கள் மந்தையை மடக்கிக் காட்டும் நிகழ்ச்சி. நூல் கடைகள் எல்லாத் திசையிலும். வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

முதலில் நூல் நம்பர். சீட்டில் 8/2 என்று போட்டிருக்கும். பருத்தி என்றால் அது நம் ஊர்க் கணக்கேதான்: ஒரு பவுண்டில் 840 கெஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை என்பதுதான் கவுண்ட். ஈரோடு, கரூர் பக்கம் புரியை, அதாவது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதை, முன்னால் வைத்து 2/20, 2/40 என்போம். அங்கே பின்னால் வைத்து 20/2, 40/2 என்று எழுதுவார்கள். ஆக 8/2 பருத்தி பவுண்டுக்கு 3360 கெஜம். அதே 8/2 லினனில் இருந்தால் 1200 கெஜம்தான், ஏனென்றால் லினனுக்குச் சிட்டம் 300 கெஜம். சீவி நூற்ற வொர்ஸ்டட் கம்பளிக்குச் சிட்டம் 560 கெஜம், எனவே 2240. ஐரோப்பாவிலிருந்து வரும் கம்பளி மெட்ரிக் கணக்கில் இருக்கும். அதில் 8/2 என்றால் கிலோவுக்கு 4000 மீட்டர், பவுண்டுக்கு மாற்றினால் 1980 கெஜத்தை ஒட்டி வரும். ஒரே நம்பர், நாலு விதத் தடிமன். அதனால் நம்பரை விட்டுவிட்டு, பவுண்டுக்கு எத்தனை கெஜம் என்று மட்டும் கேளுங்கள். பின்னல் நூல் கடைகளில் 100 கிராமுக்கு இத்தனை கெஜம் என்று எழுதியிருப்பார்கள், அதை 4.54ஆல் பெருக்கினால் பவுண்டுக் கணக்கு கிடைத்துவிடும். கடைக்குக் கடை தொங்கும் ‘ஃபிங்கரிங்’ சாக்ஸ் நூல் 100 கிராமுக்கு 400 கெஜம், அதாவது பவுண்டுக்கு 1800 சொச்சம்.

இந்த 400 கெஜச் சிட்டம்தான் திருவிழாவின் நாணயம் மாதிரி. கையால் சாயம் போட்டது 30 டாலரைச் சுற்றி விற்கும். ‘ஒரே சிட்டத்தில் ஒரு ஷால்’ என்று மேலே மாதிரியும் மாட்டியிருப்பார்கள். பின்னுகிறவருக்கு அது உண்மை. தறிக்கு இல்லை. கழுவி முடித்தபின் 8 அங்குல அகலம், 72 அங்குல நீளம் உள்ள ஒரு கழுத்துத்துண்டை எடுத்துக்கொள்வோம். நெய்யும்போது இழை மேலும் கீழும் வளைந்து போவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீளம் போகும்; கழுவும்போது இன்னொரு பத்தில் ஒரு பங்கு சுருங்கும். எனவே 72 அங்குலம் கையில் நிற்க, தறியில் 90 அங்குலம் நெய்ய வேண்டும். அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பில்) அகலம் 10 அங்குலம். அங்குலத்துக்கு 10 இழை வைத்தால் பாவில் 100 இழை. சின்ன மேசைத் தறியில் முன்னும் பின்னும் கட்டுவதற்குப் போகும் கழிவு 24 அங்குலம், குஞ்சமும் அதற்குள்ளேயே வந்துவிடும். பாவு நீளம் 114 அங்குலம், சுமார் 3.2 கெஜம். நூறு இழைக்கு 320 கெஜம். ஊடை, அதாவது குறுக்கே ஓடும் இழை: 90 அங்குலத்துக்கு 900 ஓட்டம், ஓட்டத்துக்கு 10 அங்குலம், ஆக 250 கெஜம், வளைவுக்கு ஒரு பத்து சதவீதம் சேர்த்தால் 275. மொத்தம் 595 கெஜம். ஒரு சிட்டம் போதாது, இரண்டு வாங்கினால் 200 கெஜம் மிஞ்சும். பாவுக்கு அந்த விலையுயர்ந்த சிட்டம் ஒன்று, ஊடைக்கு அதே தடிமனில் ஒரே நிறத்தில் விலை குறைந்த நூல் 300 கெஜம் என்று பிரித்து வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

பெரிய தறி வைத்திருப்பவர்கள் கழிவுக்கு 24 போதும் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒரு முழு கெஜம் போகும்.

சாயம் எப்படிப் போடப்பட்டது என்று பார்க்காமல் வாங்கினால் அடுத்த வம்பு வரும். கையால் சாயம் போட்ட சிட்டத்தை முறுக்கவிழ்த்து வட்டமாக விரித்துப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். வட்டத்தின் சுற்றளவு ஐந்தடி முதல் ஆறடி வரை இருக்கும். அந்த ஒரு சுற்றுக்குள் எத்தனை நிறம், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று பார்த்தால், துணியில் அது என்ன செய்யும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். சுற்றளவு 72 அங்குலம், அதாவது 2 கெஜம் என்று வையுங்கள். பாவு ஓட்டும் சட்டத்தில் பாதை சரியாக 3 கெஜம் வைத்தால், போய் வர 6 கெஜம், சிட்டத்தின் மூன்று சுற்று. ஒவ்வொரு முறை போய் வரும்போதும் அதே நிறம் அதே இடத்தில் வந்து விழும். இழைகளை வரிசை கலையாமல் வைத்துக்கொண்டால் கட்டிச் சாயம் போட்ட பாவு போலத் திட்டுத்திட்டாக அழகாக நிற்கும். மேலே சொன்ன துண்டுக்கு 114 அங்குலத்துக்குப் பதில் 108 அங்குலம் என்று பாவைச் சுருக்கினால் இது கைகூடும். துண்டு 68 அங்குலமாகக் குறையும், பரவாயில்லை. திட்டு வேண்டாம் என்பவர் பாதையைக் கணக்குக்கு ஒத்துவராத நீளத்தில் வைத்து, இரண்டு சிட்டத்திலிருந்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

அதே நூலை ஊடையாகப் போட்டால் கதை வேறு. பத்து அங்குல அகலத்தில் ஒரு நிறம் மூன்று நாலு ஓட்டம் வந்து, சட்டென்று அடுத்த நிறம் குறுக்கே வெட்டும். வரிக்குதிரை மாதிரி ஆகிவிடும் என்பதால்தான் பல வண்ணச் சிட்டம் பாவுக்கு, ஒற்றை நிறம் ஊடைக்கு என்கிறோம். ஊடை கறுப்பு அல்லது அடர்நிறமாக இருந்தால் பாவின் வண்ணம் எழும்பித் தெரியும். வெள்ளை ஊடை எல்லாவற்றையும் வெளுக்கடித்துவிடும். அடர் சிவப்பு, டர்க்காய்ஸ் நீலம் இரண்டிலும் சாயம் ஓடுகிற ஆபத்து அதிகம். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை நூலில் அழுத்திப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஓடினாலும் வாங்க ஆசையென்றால், பாவு ஓட்டுவதற்கு முன் சிட்டமாகவே வினிகர் கலந்த சூடான நீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசிவிடுங்கள். துணியாக்கிய பிறகு ஓடினால் ஒன்றும் செய்ய முடியாது.

நிறம் தேறினால் அடுத்தது வலு. பாவில் நிற்குமா என்பதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். சிட்டத்தின் நுனியை ஓர் அரையடி நீளத்துக்கு இரு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். ‘டப்’ என்று அறுந்தால் பரவாயில்லை, நல்ல நூலும் பலமாக இழுத்தால் அறும். சத்தமில்லாமல் நார் நாராகப் பிரிந்து கையோடு வந்தால் முறுக்கு போதவில்லை, அது ஊடைக்கு மட்டும். பிறகு நகத்தை இழையின்மேல் இருபது தடவை முன்னும் பின்னும் உரசுங்கள். அச்சுப் பல் செய்யப்போவதும் அதைத்தான். பஞ்சு கிளம்பி உருண்டை கட்டினால் தறியில் பக்கத்து இழையோடு ஒட்டிக்கொண்டு பாவு திறக்கவே விடாது. ஒற்றைப் புரி நூல் எவ்வளவு பளபளத்தாலும் பாவுக்கு வேண்டாம். அங்கோரா வெள்ளாட்டு ரோமத்தின் மொஹேர், வளையம் வளையமாக நிற்கும் பூக்லே இரண்டும் பாவில் போட்டால் பொறுமையைச் சோதிக்கும். போட்டே தீருவேன் என்பவர் இழைகளை விலக்கி வைத்து, இரண்டு மொஹேர் இழைக்கு இடையில் ஒரு வழவழப்பான இழை கொடுக்க வேண்டும்.

சாக்ஸ் நூல் பெரும்பாலும் ‘சூப்பர்வாஷ்’ செய்த மெரினோ ஆட்டுக் கம்பளி. கம்பளி இழையின் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே பிசின் பூச்சு கொடுத்த சரக்கு. வாஷிங் மெஷினில் போட்டாலும் கட்டிக்கொள்ளாது. பின்னலுக்கு வரம், நெசவுக்கு அரைகுறை வரம். கழுவும்போது இழைகள் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்வதில்லை என்பதால் துணி இறுகாது, ஊடை வழுக்கி விலகும். 10 பல் அச்சில் நெய்தால் தளர்ந்து விழும் ஷால் கிடைக்கும், 12 பல்லில் நெய்தால்தான் ஓரம் நேராக நிற்கும். சுருக்கமும் குறைவு என்பதால் மேலே சொன்ன கணக்கில் கழுவும் சுருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மெரினோவுக்கு இன்னொரு குணம், ரப்பர் போல இழுபடும். விறைப்பாக இழுத்துக்கட்டி 90 அங்குலம் என்று அளந்தால், தறியிலிருந்து இறக்கியதும் அது 80க்கு வந்துவிடலாம். அளக்கும்போதெல்லாம் பாவை இறுக்கும் பல்சக்கரத்தை ஒரு பல் தளர்த்திவிட்டு அளப்பதுதான் இதற்கு மருந்து.

இத்தனையும் படித்துவிட்டு, பின் எதற்கு அங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். கூம்பில் சுற்றி வரும் கோன் நூலுக்கும் பண்ணை நூலுக்கும் போகலாம். கூட்டம் சாயக் கடைகளில் முட்டிமோதும்போது, தறிக்காரர் கோன் எங்கே அடுக்கியிருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரின் ஹாரிஸ்வில் டிசைன்ஸ் ஆலை நூல் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். ஷெட்லாண்ட் என்பது பவுண்டுக்கு 1800 கெஜம், ஹைலாண்ட் 900 கெஜம். முன்னதற்கு அங்குலத்துக்கு 10 முதல் 12 இழை, பின்னதற்கு 6 முதல் 8. கோனில் தொட்டால் சொரசொரவென்று, எண்ணெய்ப் பிசுக்காக, இவ்வளவுதானா என்று இருக்கும். நூற்பு எண்ணெய் இன்னும் போகவில்லை, அதுதான் விஷயம். நெய்து முடித்து, கை பொறுக்கும் சூட்டில் நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் விட்டு அரைமணி ஊறவைத்து மெல்ல அமுக்கினால் நூல் உப்பி இடைவெளியெல்லாம் நிரம்பும். தறியில் கொசுவலை மாதிரி தெரிந்தது போர்வையாகிவிடும். இதே காரணத்தால் தறியில் பார்க்கும்போது நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்று ஊடையை ஓங்கி அடிப்பவர்கள் கடைசியில் பலகையைப் போர்த்திக்கொள்வார்கள். கழுவும்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கட்டிக்கொண்ட கம்பளியைத் திரும்பப் பிரிக்க வழி கிடையாது.

பண்ணை நூல் என்பது ஆடு வளர்ப்பவரே தன் மந்தையின் ரோமத்தைச் சின்ன ஆலையில் கொடுத்து நூற்றுவந்து விற்பது. இரட்டைப் புரி, ஆட்டின் சொந்த நிறம், விலையும் சாயச் சிட்டத்தைவிடக் கைக்கு அடக்கம். என்ன இனம், பவுண்டுக்கு எத்தனை கெஜம் இரண்டையும் கேளுங்கள். தடிமன் சிட்டத்துக்குச் சிட்டம் மாறும் என்பதால் ஒன்றுக்கு நாலு சிட்டத்தை ஓர் அளவுகோலில் சுற்றிப் பாருங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று விழுகிறதோ அதில் பாதி சாதா நெசவுக்கு, மூன்றில் இரண்டு பங்கு ட்வில் (சாய்கோடு விழும்) நெசவுக்கு என்பது எல்லா நூலுக்கும் பொதுவான தொடக்கக் கணக்கு. 16 சுற்று வந்தால் சாதாவுக்கு 8 இழை, ட்வில்லுக்கு 10 அல்லது 11. தேவையான மொத்தத்தையும் அன்றே வாங்கிவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே ஆட்டிலிருந்து வரும் நூல்கூட அதே நிறத்தில் இருக்காது.

கழுவாத ரோமம் விற்கும் கொட்டகையில் சனிக்கிழமை காலையிலேயே வரிசை கட்டிவிடுவார்கள். நூற்கத் தெரியாதவர் அந்தப் பக்கம் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். நூற்கிறவருக்குப் பாவு நூல் வேண்டும் என்றால் நீளரோம இனங்கள்: லிங்கன், பார்டர் லெஸ்டர், ராம்னி, வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் மீட்டு வளர்க்கும் லெஸ்டர் லாங்வூல். மின்னும், உரசலைத் தாங்கும், எளிதில் பஞ்சாகாது. மெரினோ, ராம்புயே எல்லாம் ஊடைக்கும் கழுத்துக்கும். ஒரு விரல் தடிமனுக்கு ரோமக் கற்றையை எடுத்து, காதருகே பிடித்து இரு முனையையும் சுண்டி இழுங்கள். கணீரென்று ஒலித்தால் வாங்கலாம். சருகு நொறுங்கும் ஓசை வந்தால் ஆடு நோயில் அல்லது பட்டினியில் இருந்த காலத்து ரோமம் அந்த இடத்தில் மெலிந்திருக்கிறது, சீவும்போதே உடையும். எடைக்கணக்கில் ஏமாறாதீர்கள். ராம்னி கழுவினால் மூன்றில் ஒரு பங்கு போகும், மெரினோவில் பாதி வரை போகும். அழுக்கும் கொழுப்பும் கழிந்த பிறகு பவுண்டு விலை என்ன என்று போட்டுப் பார்த்தால்தான் மலிவு எது என்று தெரியும். வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் காருக்குள் விட்டுவிடக் கூடாது. வீட்டில் மற்ற கம்பளி இருக்கும் அறைக்குக் கொண்டுபோகவும் கூடாது. முதலில் அந்துப் பூச்சிக்குச் சோதனை, சந்தேகமிருந்தால் சில நாள் ஃப்ரீசர் வாசம்.

இனி தறி. புதியதில் கண்ணில் படுவது பெரும்பாலும் ரிஜிட் ஹெடில் எனப்படும் சின்ன வகை. அச்சும் விழுதும் (பாவு இழையைத் தூக்கும் கண்ணி) ஒரே சட்டத்தில் இருக்கும், மிதி கிடையாது. நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்டு, கொலராடோவின் ஷாக்ட் செய்யும் ‘கிரிக்கெட்’ என்ற தறி, போலந்தின் குரோம்ஸ்கி மூன்றும் நம்பி வாங்கக்கூடியவை. வித்தியாசம் சின்ன இடங்களில்தான். ஆஷ்ஃபோர்டோடு வரும் அச்சு அங்குலத்துக்கு 7.5, மற்ற இரண்டோடு வருவது 8. ஒரு கம்பெனி அச்சு இன்னொரு கம்பெனித் தறியில் உட்காராது, ஆகவே 10 பல், 12 பல் அச்சையும் சேர்த்தே விலை கேளுங்கள். கூடவரும் 8 பல் அச்சு ஃபிங்கரிங் நூலுக்கு ஆகாது என்பது வீட்டுக்கு வந்தபின்தான் பலருக்கும் உறைக்கும். 10 அங்குலக் கிரிக்கெட் கைக்கு அடக்கமாக இருந்தாலும் மேலே போட்ட கணக்கில் 8 அங்குலத் துணிக்கு மேல் அதில் வராது. 15 அங்குலமே வாங்குவது நல்லது. அதிலும் கழுவியபின் 12 அங்குலம்தான். மேசைத் துணி, போர்வை எண்ணம் இருந்தால் 24க்குக் குறைந்து யோசிக்க வேண்டாம்.

எங்கள் கணக்கில் திருவிழாவின் சிறந்த பகுதி பழைய சாமான் ஏலம். ராட்டை, தறி, பாவு ஓட்டும் சட்டம், நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடுவது), அச்சு எல்லாம் வரும். கனடாவின் லெக்லெர்க், மெய்ன் மாநிலத்து மக்கோம்பர் போன்ற பழைய பெயர்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அரை நூற்றாண்டு ஓடியிருந்தாலும் இன்னும் அவ்வளவு ஓடும். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பித் தர முடியாது. அதனால் ஏலம் தொடங்கும் முன்பே போய் நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடித்து அளங்கள். இரண்டு மூலைவிட்டமும் கால் அங்குலத்துக்குமேல் வேறுபட்டால் தறி கோணியிருக்கிறது. நட்டு தளர்ந்ததாலா, மரமே முறுக்கிக்கொண்டதாலா என்று குலுக்கிப் பாருங்கள். முன்னது பத்து நிமிட வேலை, பின்னது தீராத தலைவலி. பாவு உருளையைக் கையால் சுழற்றிவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். உருளை ஆடினால் ஒரு பக்கப் பாவு எப்போதும் தொய்யும். பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கியிருக்கிறதா, தடுப்பு நாக்கு முழுதாக விழுகிறதா என்று முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும், நெய்யும் நடுவில் அது நழுவினால் மொத்தப் பாவும் போச்சு. அச்சில் துரு இருந்தால் மேலோட்டமானதா என்று நகத்தால் சுரண்டுங்கள். பல்லில் குழி விழுந்திருந்தால் அந்த அச்சு வெள்ளைப் பருத்திக்கு உதவாது. ஆனால் அதற்காகத் தறியை வேண்டாம் என்று விடாதீர்கள், புது அச்சு அளவு சொன்னால் செய்துதருவார்கள். விழுதுகளை எண்ணுங்கள். 24 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 20 இழை நெய்ய 480 விழுது வேண்டும். பழைய தறிகளில் பாதிதான் இருக்கும், மீதிக்கு ஆகும் செலவை ஏலத்தொகையிலிருந்து மனதுக்குள் கழித்துக்கொள்ளுங்கள். மிதிகளையும் விழுது தொங்கும் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குக் கட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள், பிரித்துக் கொண்டுவந்த தறியில் காணாமல்போவது அவைதான். மரத்தடியில் மாவு போல் தூள் கொட்டியிருந்தால் புழு. அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், வீட்டில் உள்ள மற்ற மரச்சாமானையும் தின்றுவிடும்.

ஜாக் வகைத் தறியில் மிதித்தால் சட்டம் மேலே எழும், விட்டால் சொந்த எடையில் கீழே விழ வேண்டும். எல்லாச் சட்டத்தையும் ஒவ்வொன்றாக மிதித்து விட்டுப் பாருங்கள். பாதியில் நின்றால் பெரும்பாலும் சட்டம் ஓடும் காடியில் அழுக்கு அல்லது ஈரத்தில் மரம் உப்பியது; மெழுகு தேய்த்தால் சரியாகும்.

சில்லறைச் சாமானில் நாடா ஒன்று மட்டும் எச்சரிக்கை. ரிஜிட் ஹெடில் தறியில் பாவு திறக்கும் இடைவெளி ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேல். அங்கே விற்கும் அழகான கனத்த மர நாடாக்களில் பாதி அதில் நுழையாது, நுழைந்தாலும் மேலிழையை உரசும். உயரத்தை அளந்து முக்கால் அங்குலத்தை ஒட்டியதை எடுங்கள். நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலான தார் 4 அங்குலமா 5 அங்குலமா என்று பார்த்து ஒரே அளவில் அரை டஜன் வாங்கிவிடுங்கள். இரு நுனியிலும் இரும்பு முனை வைத்த, நம் கைத்தறிகளில் கயிறிழுத்து ஓடும் நாடா பழைய சாமானில் கிடைத்தால் அலமாரியில் வைக்கலாம், கையால் எறிய அது ஆகாது.

ஆட்டிலிருந்து ஷால்வரை என்ற போட்டியை நெசவாளர் தவறவிடக் கூடாது. ஒருவர் ஆட்டைக் கத்தரிக்க, மூன்று பேர் நூற்க, ஒருவர் நெய்ய, மூன்று மணி நேரத்தில் ஷால் இறங்க வேண்டும். பாவு மட்டும் முன்பே தறியில் ஏறியிருக்கும். கழுவாத ரோமத்தைக் கொழுப்போடு நூற்று, நேராகத் தாரில் சுற்றி நெசவாளர் கைக்குக் கொடுப்பார்கள். கூட்டம் ஆட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் நெசவாளரைப் பாருங்கள். தடிமன் தாருக்குத் தார் மாறும் நூலை, ஊடை அடியைக் கூட்டியும் குறைத்தும் ஒரே சீராக்குவதை வேறெங்கும் இவ்வளவு அருகில் நின்று பார்க்க முடியாது. கையால் நூற்ற சிட்டங்கள், துணிகளுக்கான போட்டிக் காட்சியும் பார்க்கத் தகுந்தது. வகுப்புகளுக்கு முன்பதிவு தேவை.

குறைகளும் உண்டு. வண்டி நிறுத்தம் புல்வெளியில். முந்தின நாள் மழை பெய்திருந்தால் சேறு கணுக்காலைத் தொடும், நல்ல செருப்பெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை காலை நெடுஞ்சாலையிலிருந்து திடல்வரை வண்டிகள் ஊரும். ரோமமும் ஏலமும் வேண்டுமென்றால் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். நூல் மட்டும் என்றால் ஞாயிறு காலை நிம்மதி, கடைக்காரருக்கும் வாய் திறந்து பதில் சொல்ல நேரம் இருக்கும். கூட்டத்தில் ஃபோன் சிக்னல் படுத்துவிடுவதால் கார்டு மெஷின் அவ்வப்போது மக்கர் செய்யும், கொஞ்சம் ரொக்கம் கையில் வையுங்கள். சாப்பாட்டில் ஆட்டிறைச்சிக்குத்தான் ராஜமரியாதை. சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் இனிப்பும் தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு டப்பா புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

இதையும் அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் நியூயார்க் மாநிலத்து ரைன்பெக்கில் நடக்கும் கம்பளித் திருவிழாவையும் ஒப்பிட்டுக் கேட்பவர்கள் அதிகம். ரைன்பெக் இலையுதிர் காலத்து ஸ்வெட்டர் கூட்டம், பின்னல்காரர்களின் பெருவிழா. வசந்தத்தில் கத்தரித்த புது ரோமத்துக்கும், குளிருக்குள் நெய்து முடிக்க வேண்டிய போர்வைக்கும் மே மாதமே தோது. நூலுக்காக மட்டும் என்றால் எது பக்கமோ அதற்குப் போங்கள். பழைய தறிக்கு என்றால் மேரிலாந்துதான். பின் சீட்டு மடித்த வேன், ஸ்பேனர் செட், கட்டுவதற்குக் கயிறு, தூக்கக் கூட ஓர் ஆள், இதற்குமேல் ஏலம் கேட்க மாட்டேன் என்று சட்டைப்பைச் சீட்டில் எழுதிவைத்த ஒரு தொகை, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.